மான்ட்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெயில்: படத்துல இருக்குற தப்பு, தப்பு மாதிரி தெரியுற ஜோக்கு, அடிக்கடி கேக்குற கேள்விகள்

1975ல வந்த பிரிட்டிஷ் காமெடி படம். ஆர்தர் ராஜா தன்னோட வீரர்களைக் கூட்டிக்கிட்டு ஹோலி கிரெயில்ங்குற புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போறாரு, அவ்வளவுதான் கதை. டைரக்ஷன் ரெண்டு டெர்ரி, டெர்ரி கில்லியமும் டெர்ரி ஜோன்ஸும். கிரஹாம் சாப்மன், ஜான் க்ளீஸ், எரிக் ஐடில், மைக்கேல் பேலின், கூடவே இந்த ரெண்டு டைரக்டரும், ஆக மொத்தம் மான்ட்டி பைத்தான்ங்குற காமெடி குழுவோட ஆறு பேரு சேர்ந்து முக்கால்வாசி கேரக்டரையும் அவங்களே பண்ணிட்டாங்க. முதல் தடவை பாக்குறவங்களுக்கு "என்னடா இது, இவ்வளவு ஓட்டை இருக்கு"ன்னு தோணும். அதுல பாதி வேணும்னே விட்ட ஓட்டை. மீதியில பாதி காசு இல்லாம வந்த ஓட்டை, அதையும் ஜோக்கா மாத்திட்டாங்க. மிச்சம் இருக்குறதுதான் நிஜமான தப்பு. கீழ கதையோட கிளைமாக்ஸ் வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிருக்கேன், படம் பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.

ஆர்தர் ஏன் குதிரையே இல்லாம குதிச்சு குதிச்சு வர்றாரு?

குதிரைக்குக் காசு இல்ல. வாடகைக்கு எடுக்கணும், தீனி போடணும், ஆளு வைக்கணும், நடிகர்களுக்கு ஓட்டக் கத்துக்கொடுக்கணும், இந்த பட்ஜெட்ல அதெல்லாம் நடக்காது. அதனால ஆர்தர் கையில கடிவாளம் புடிச்ச மாதிரி வச்சுக்கிட்டு துள்ளிக்கிட்டே வருவாரு, பின்னாடி பாட்ஸின்னு ஒரு வேலையாள் (கில்லியம்தான்) மூட்டை முடிச்சைத் தூக்கிக்கிட்டு ரெண்டு கொட்டாங்குச்சிய டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே வருவாரு. ரேடியோ நாடகத்துல குளம்புச் சத்தத்துக்கு கொட்டாங்குச்சி தட்டுறது பழைய வழக்கம், பிபிசி கேட்டு வளந்த ஆளுங்களுக்கு அது உடனே புரிஞ்சிடும். இவங்க பண்ணுன ஒரே மாத்தம், சத்தம் போடுற ஆளையும் ஃபிரேமுக்குள்ள கொண்டு வந்து நிறுத்துனதுதான்.

அத்தோட விடல. முதல் சீன்லயே கோட்டை மேல நிக்குற காவலாளி "அது குதிரை இல்லயே, கொட்டாங்குச்சி தட்டுறீங்க, தேங்காய் வெப்ப நாட்டுச் சமாச்சாரம், இங்க எப்படி வந்துச்சு"ன்னு கேட்டுடுவான். ஆடியன்ஸ் கேக்க வேண்டிய கேள்விய படமே கேட்டுடுச்சு, இனிமே நீங்க என்னத்த தப்பு கண்டுபிடிக்க? 1975 ஏப்ரல்ல நியூயார்க்ல ரிலீஸ் ஆனப்போ முதல்ல வந்த ஆயிரம் பேருக்கு தேங்காய் இலவசம்னு விளம்பரம் பண்ணாங்க. 2007 ஏப்ரல் 23ஆம் தேதி லண்டன் ட்ராஃபல்கர் ஸ்கொயர்ல 5,567 பேர் ஒண்ணா கொட்டாங்குச்சி தட்டி உலக சாதனை பண்ணாங்க.

ஸ்வாலோ குருவி தேங்காய தூக்கிட்டு வரும்னு சொல்றாங்களே, அந்தக் கணக்காவது சரியா?

இல்ல. அஞ்சு அவுன்ஸ் எடையுள்ள குருவி ஒரு பவுண்டு தேங்காயைத் தூக்க முடியாதுன்னு காவலாளி வாதாடுவான். அஞ்சு அவுன்ஸ்னா கிட்டத்தட்ட 140 கிராம். ஐரோப்பாவுல இருக்குற சாதாரண ஸ்வாலோ 20 கிராம் பக்கம்தான் இருக்கும், நம்ம தகைவிலான் குருவி அது, குளிர்காலத்துல தமிழ்நாட்டுக்கும் வந்து கரண்டு கம்பியில வரிசையா உக்காந்திருக்கும். ஆறேழு குருவிய ஒண்ணா கட்டுனாதான் அவன் சொல்ற எடை வரும். ஒரு பவுண்டுன்னா 450 கிராம், அது உரிச்ச தேங்காய்க்கு வேணும்னா சரி, மட்டையோட எடுத்தா ஒரு கிலோவைத் தாண்டிடும், பறவை எந்த மரத்துலேருந்து உரிச்ச தேங்காயப் பறிச்சுச்சுன்னு தெரியல. செகண்டுக்கு 43 தடவை றெக்கை அடிக்கணும்னு இன்னொரு புள்ளிவிவரம் விடுவான், அதுவும் டூப்பு, நிஜத்துல அதுல பாதி கூட கிடையாது.

ஆனா இது ஸ்கிரிப்ட் தப்பா காவலாளி தப்பான்னு யோசிச்சுப் பாத்தா, தனக்குத் தெரியாததை அடிச்சு விடுற ஆளாதான் அவன எழுதிருக்காங்க. நான் இதை தப்பு லிஸ்ட்ல சேக்க மாட்டேன். கிளைமாக்ஸ் பக்கத்துல மரணப் பாலத்துல கிழவன் ஸ்வாலோவோட வேகம் என்னன்னு கேக்கும்போது "ஆப்பிரிக்க ஸ்வாலோவா ஐரோப்பிய ஸ்வாலோவா"ன்னு ஆர்தர் திருப்பிக் கேட்டுதான் தப்பிக்கிறாரு. முதல் சீன்ல வெட்டிப் பேச்சுன்னு நெனச்சது கடைசில உயிரைக் காப்பாத்துது, அதனால இந்த ஆளுங்களுக்கு கதை எழுதத் தெரியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கி.பி. 932ன்னு போடுறாங்களே, ஆர்தர் அந்தக் காலத்து ஆளா?

கிடையாது. ஆர்தர்னு ஒருத்தர் இருந்திருந்தா அது அஞ்சு ஆறாம் நூற்றாண்டுன்னு சொல்லுவாங்க. 932ல இங்கிலாந்துல நிஜமா ஆண்டுக்கிட்டிருந்தது ஏதெல்ஸ்டன். நார்மன்காரங்க வர்றதுக்கே இன்னும் நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல இருக்கு, ஆனா படத்துல இங்கிலாந்துக்குள்ளயே பிரெஞ்சுக்காரன் கோட்டை கட்டி மேல நின்னு எல்லாரையும் திட்டிக்கிட்டு இருப்பான். ஆர்தரோட வீரர் லான்ஸ்லாட்டோட உதவியாளன் பேரு கான்கார்ட், விமானத்தோட பேரு. சேத்துல வேலை செய்யுற விவசாயி ராஜாகிட்ட மக்களாட்சி பத்தி அரசியல் கிளாஸ் எடுக்குறான். ஆக வருஷத்தைப் பத்தி கவலைப்படாதீங்க, அவங்களே கவலைப்படல.

எல்லா கோட்டையும் ஒரே கோட்டை மாதிரி இருக்கே?

ஆமா, பெரும்பாலும் ஒரே கோட்டைதான். இதுதான் படத்துலயே பெரிய நிஜ ஓட்டை, காரணமும் நல்லா இருக்கும்.

ஸ்காட்லாந்துல பல கோட்டைகள்ல எடுக்குறதா பிளான் போட்டு இடமெல்லாம் பாத்து வச்சிருந்தாங்க. ஷூட்டிங்குக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, அந்தக் கோட்டைகளைப் பராமரிக்கிற அரசுத் தரப்பு, இந்தக் கூத்தெல்லாம் கட்டடத்தோட கண்ணியத்துக்கு ஒத்துவராதுன்னு சொல்லி அனுமதிய வாபஸ் வாங்கிடுச்சு. நூத்துக்கணக்குல ஆளுங்க வெட்டிக்கிட்டு செத்த இடத்துல ரெண்டு ஜோக் அடிச்சா கண்ணியம் போயிடும் போல. தனியார் கையில இருந்த கோட்டைகள்தான் மிச்சம். ஸ்டிர்லிங் பக்கத்துல இருக்குற டூன் கோட்டை கிடைச்சுது, 14ஆம் நூற்றாண்டு கடைசில கட்டுனது. அதையே இந்தப் பக்கம் காமெராவ வச்சா பிரெஞ்சுக் கோட்டை, அந்தப் பக்கம் வச்சா சதுப்புநிலக் கோட்டை, ராத்திரி எடுத்தா பொண்ணுங்க மட்டும் இருக்குற ஆந்த்ராக்ஸ் கோட்டை, உள்ள பெரிய ஹால்ல வீரர்கள் மேஜை மேல ஏறி ஆடுனா அது ஆர்தரோட கேமலாட் கோட்டை. வாசல் வளைவையும் சுவரையும் கொஞ்சம் கவனிச்சீங்கன்னா அடுத்த தடவை பாக்கும்போது உங்களுக்கே சிரிப்பு வரும்.

கடைசில தண்ணிக்கு நடுவுல தனியா நிக்குறது வேற கோட்டை, ஸ்டாக்கர் கோட்டை, அது ஸ்காட்லாந்து மேற்குக் கரையில இருக்கு. தூரத்துல தெரியுற கேமலாட் வெறும் கட்-அவுட். எல்லாரும் "ஆஹா கேமலாட்"னு வாயைப் பொளந்து நிக்கும்போது பாட்ஸி மட்டும் "அது பொம்மைதான்"னு முணுமுணுப்பாரு, ஆர்தர் "ஷ்ஷ்"னு அடக்குவாரு. செட்டுல நடந்ததைத்தான் அப்படியே டயலாக்கா வச்சிட்டாங்கன்னு எனக்குத் தோணும்.

டூன் கோட்டைய இப்போ ரசிகர்கள் கோயில் மாதிரி சுத்திப் பாக்க வர்றாங்க, அங்க கொடுக்குற ஆடியோ கைடுல பேசுறது டெர்ரி ஜோன்ஸ், கண்ணியம் பத்தி இப்போ யாரும் பேசுறதில்ல.

வீரர்கள் போட்டிருக்குற இரும்புச் சங்கிலிக் கவசம் தொங்குதே?

கம்பளி நூல்ல பின்னி வெள்ளி பெயின்ட் அடிச்சது. 1974 வசந்தத்துல ஸ்காட்லாந்து மழையில நாள் பூரா நனைஞ்சு, ஈரக் கம்பளியப் போத்திக்கிட்டே நடிச்சிருக்காங்க. குளோசப்ல பாத்தா ஸ்வெட்டர் பின்னல் தெரியும், இது நிஜத் தப்பு.

கறுப்பு வீரனோட கை வெட்டுப்பட்ட அப்புறமும் கை துணிக்குள்ள தெரியுதே?

தெரியும். அது க்ளீஸ், கைய உடம்போட ஒட்டி உள்ள மடக்கி வச்சிருக்காரு, மேல துணி கொஞ்சம் புடைச்சிருக்கும். ஒரு கால் போனதுக்கப்புறம் நொண்டியடிக்கிறது க்ளீஸ் இல்ல, உள்ளூர்ல வெள்ளி வேலை செய்யுற நிஜமாவே ஒத்தைக்கால் உள்ள ஒருத்தர், ஏன்னா க்ளீஸால ஒத்தைக் கால்ல பேலன்ஸ் பண்ண முடியல. உருவம் மாறுறது உத்துப் பாத்தா புரியும். ஆனா கையும் காலும் போய் வெறும் முண்டமா நிக்கும்போதும் "சரி, டிரான்னு வச்சுக்குவோம்"னு பேசுறவன்கிட்ட போய் துணி புடைப்பை யாரு பாப்பா. ஸ்கூல்ல வாத்தியாரு சொன்ன பழைய ரோமானிய மல்யுத்தக் கதையிலேருந்து இந்த ஐடியா வந்துச்சுன்னு க்ளீஸ் சொல்லியிருக்காரு, தோக்க மாட்டேன்னு விடாம புடிச்சிருந்தவன் கடைசில ஜெயிச்சிட்டான், ஆனா அப்போ அவன் உயிரோட இல்லையாம்.

லான்ஸ்லாட் கோட்டைய நோக்கி ஓடி வர்றாரு, வந்துக்கிட்டே இருக்காரு, திடீர்னு பக்கத்துல நிக்குறாரு. எடிட்டிங் தப்பா?

இது வேணும்னே. சதுப்புநிலக் கோட்டை வாசல்ல ரெண்டு காவலாளி நிக்குறாங்க, தூரத்துல லான்ஸ்லாட் ஓடி வர்றாரு, முரசு சத்தம். கட் பண்ணி காவலாளி. மறுபடி லான்ஸ்லாட், அதே இடத்துலேருந்து அதே ஓட்டம், அதே ஷாட்டு. இப்படியே சில தடவை போகும், ஒரு அடி கூட நெருங்கல. அடுத்த கட்ல காவலாளிய வெட்டிட்டு உள்ள போயிட்டாரு. கண்டினியூட்டி தப்பையே ஜோக்கா செஞ்சதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. ரெண்டாவது காவலாளி எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் "ஏய்"னு ஒரு சவுண்டு விடுவான் பாருங்க, அங்கதான் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

வரலாற்று ஆசிரியரைக் கொன்னது யாரு? ஆர்தரை ஏன் போலீஸ் புடிக்குது?

எனக்குப் புடிச்ச கேள்வி. நடுவுல ஒரு நவீன கால வரலாற்று ஆசிரியர் காமெராவப் பாத்து விளக்கம் சொல்லிக்கிட்டு இருப்பாரு, ஒரு வீரன் வந்து ஒரே வெட்டு, ஆள் காலி. அதுக்கப்புறம் படம் பூரா கொஞ்சம் கொஞ்சமா 1974ஆம் வருஷத்து போலீஸ் பின்னாடியே விசாரிச்சுக்கிட்டு வரும், கடைசில பெரும் போர் ஆரம்பிக்கப் போற நேரத்துல வண்டிய குறுக்க விட்டு ஆர்தரையும் அவரோட வீரர் பெடிவியரையும் புடிச்சிட்டுப் போயிடும். செத்தவரோட மனைவி இவங்கதான்னு உறுதியா அடையாளம் காட்டுவாங்க.

ஆனா கொன்னவன் வந்தது நிஜக் குதிரையில. படம் பூரா நிஜக் குதிரை ஏறி வர்ற ஒரே ஆள் அவன்தான். ஆர்தர் கூட்டத்துல யாருகிட்டயும் குதிரையே கிடையாது, அதானே படத்தோட முதல் ஜோக்கு! எந்த கோர்ட்டுக்குப் போனாலும் இந்தக் கேஸு நிக்காது. இதை எழுதுனவங்க யோசிச்சு வச்சாங்களா தானா அமைஞ்சுதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, என் ஓட்டு யோசிச்சு வச்சதுக்குத்தான்.

பாலத்தைத் தாண்டின லான்ஸ்லாட் எங்க காணாம போனாரு?

போலீஸ் புடிச்சிடுச்சு. ஆர்தரும் பெடிவியரும் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு இருக்கும்போது, லான்ஸ்லாட்டை வண்டி பக்கத்துல நிறுத்தி சோதனை போடுற மாதிரி சின்ன ஷாட் ஒண்ணு வரும், கண்ணை இமைச்சா போச்சு.

சரி பாட்ஸி எங்க? ராபின்ங்குற வீரரோட பாட்டுக்காரங்க எங்க?

பாட்டுக்காரங்கள குளிர்காலத்துல சாப்பாடு இல்லாம மத்தவங்க சாப்பிட்டுட்டாங்க, கதை சொல்ற குரல் தெளிவா சொல்லும், அதுல எல்லாருக்கும் சந்தோஷம் வேற.

பாட்ஸி விஷயம் வேற. மரணப் பாலத்துக் கிழவனும் கில்லியம்தான், அப்போ பாட்ஸியா யாரு நிக்குறது? கடைசில படகுல போறது ஆர்தரும் பெடிவியரும் மட்டும்தான், கொட்டாங்குச்சி தட்டுனவன் என்ன ஆனான்னு படம் சொல்லவே இல்ல. ஆறு பேரு இத்தனை வேஷம் கட்டுனா இந்த மாதிரி சிக்கல் வரத்தான் செய்யும். பிரெஞ்சுக் கோட்டை மேல நின்னு திட்டுறதும் க்ளீஸ், கீழ நின்னு திட்டு வாங்குற கூட்டத்துல லான்ஸ்லாட்டும் க்ளீஸ்தான். குகை வாசல்ல பிரதர் மேனார்டும் எரிக் ஐடில், பயந்து நடுங்குற ராபினும் எரிக் ஐடில். ரெண்டு பேரும் ஒரே ஃபிரேம்ல பக்கத்துல பக்கத்துல வர்றாங்களான்னு தேடிப் பாருங்க, டைம்பாஸ் ஆகும்.

ஆர்தருக்கு எண்ணத் தெரியாதா?

"ஒண்ணு, ரெண்டு, அஞ்சு." பக்கத்துல இருக்குறவரு "மூணுங்க ஐயா"ன்னு திருத்துவாரு. புனித கையெறிகுண்டு சீன்ல மட்டும் இல்ல, கொலைகார முயல்கிட்ட செத்த வீரர்களை எண்ணும்போதும் காவெய்ன், எக்டர், போர்ஸ்னு மூணு பேரைச் சொல்லிட்டு "அஞ்சு பேரு"ம்பாரு. ஆக இது வாய் தவறினது இல்ல, கேரக்டர்.

முயல் நிஜமா?

நிஜ முயல். சிவப்புச் சாயம் பூசினாங்க, ஷூட்டிங் முடிஞ்சு கழுவினா போகல, முயலுக்குச் சொந்தக்காரருக்கு செம கோபம்னு அவங்களே பின்னாடி சொல்லிச் சிரிச்சிருக்காங்க. கழுத்தைக் கவ்வப் பறக்குறது பொம்மை, அது நல்லாவே தெரியும். எடுத்த இடம் டே ஏரிப் பக்கத்துல இருக்குற ஒரு பழைய சுரங்க வாசல்.

சூனியக்காரி விசாரணையில ஒருத்தர் அரிவாளைக் கடிக்கிறாரே?

எரிக் ஐடில்தான் அது, சிரிப்பை அடக்க முடியாம கையில இருந்த நீட்டு அரிவாளைக் கடிச்சுக்கிட்டு நிக்குறாரு. அதே டேக்கை அப்படியே வச்சிட்டாங்க. சூனியக்காரியா வர்றது கான்னி பூத், அப்போ க்ளீஸோட மனைவி.

ஆரம்பத்துல வர்ற ஸ்வீடிஷ் சப்டைட்டில் சரியான ஸ்வீடிஷா?

இல்லவே இல்ல, இங்கிலீஷை உடைச்சு எழுதுனது, எழுதினது பேலின். ஓ எழுத்துக்கு குறுக்கக் கோடு போட்டு ஸ்வீடிஷ்னு ஏமாத்தியிருக்காரு, அந்த எழுத்து டேனிஷ்லயும் நார்வேஜியன்லயும்தான் இருக்கு, ஸ்வீடிஷ்காரங்க ஓ மேல ரெண்டு புள்ளி வைப்பாங்க. அப்புறம் கடமான் கதை, டைட்டில் போட்டவங்களை வேலைய விட்டுத் தூக்கிட்டோம்னு அறிவிப்பு, தூக்குனவங்களையும் தூக்கிட்டோம்னு இன்னொரு அறிவிப்பு, கடைசில லாமாக்கள்னு போயிக்கிட்டே இருக்கும். கறுப்புத் திரையில வெறும் எழுத்து, செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு மலிவா இவ்வளவு சிரிக்க வச்ச டைட்டில் கார்டு வேற இல்ல.

மேகத்துலேருந்து பேசுற கடவுள் யாரு மாதிரியோ இருக்காரே?

கிரிக்கெட் பாக்குறவங்களுக்கு டக்குன்னு பொறி தட்டும். டபிள்யூ. ஜி. கிரேஸ், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து கிரிக்கெட்டோட பெரிய தலை, அந்தத் தாடியோட பழைய போட்டோவ வெட்டி கில்லியம் அனிமேஷன் பண்ணிட்டாரு. குரல் ஆர்தரா நடிச்ச சாப்மனோடது. அதாவது ஆர்தருக்குக் கட்டளை போடுறதும் ஆர்தரேதான்.

பாலம் சீன்ல ஆர்தர் ஏதோ பதட்டமா இருக்காரே?

அது மரண பயமா குடிப்பழக்கமான்னு சிரிக்க முடியாத கதை. ஷூட்டிங்கோட முதல் நாளே க்ளென்கோ பள்ளத்தாக்குலதான், முதல் ஷாட்டுலயே காமெரா கெட்டுப்போச்சு. சாப்மன் அப்போ குடிக்கு அடிமையா இருந்தாரு, மலையேறிப் பழக்கம் உள்ள மனுஷன், ஆனா அன்னைக்கு குடிக்காம கை கால் நடுங்கி பாலத்தைத் தாண்ட முடியாம நின்னாரு, அவருக்குப் பதிலா உதவி டைரக்டர் ஒருத்தர்தான் டூப் போட்டு நடந்தாரு. பாலத்தைக் கட்டுனது ஸ்காட்லாந்தோட பேர்போன மலையேற்ற வீரர் ஹேமிஷ் மகின்னஸ். சாப்மன் பின்னாடி குடிய விட்டுட்டாரு, 1989ல புற்றுநோய்ல போயிட்டாரு.

இந்தக் கூத்துக்கு யாரு காசு கொடுத்தா?

ராக் பேண்டுகாரங்க. லெட் செப்பெலின் 31,500 பவுண்டு, பிங்க் ஃபிளாய்ட் 21,000 பவுண்டு, ஜெத்ரோ டல் இயன் ஆண்டர்சன் 6,300 பவுண்டு, இன்னும் ரெக்கார்டு கம்பெனிங்க சிலது. அப்போ பிரிட்டன்ல பெரிய வருமானத்துக்கு வரி 80 சதவீதத்துக்கும் மேல, கவர்மென்ட்டுக்குக் கொடுக்குறதுக்கு இந்தப் பைத்தியங்களுக்குக் கொடுத்து நஷ்டக் கணக்கு காட்டிக்கலாம்னு ஒரு எண்ணம். நஷ்டம் வரல.

முடியப் போற நேரத்துல இடைவேளை போடுறாங்களே?

பாலம் சீன் முடிஞ்ச உடனே வரும், படத்துல மிச்சம் சில நிமிஷம்தான். நம்ம ஊரு தியேட்டர்ல இதைப் போட்டிருந்தா பாதிப் பேர் பாப்கார்ன் வாங்கிட்டு வந்து சீட்ல உக்காரும்போது படம் முடிஞ்சிருக்கும். நிஜமாவே முடியும்போது ஒரு போலீஸ்காரர் காமெராவ கையால மறைக்கிறாரு, ஃபிலிம் மெஷின்லேருந்து நழுவுற மாதிரி ஆகி நிக்குது. கடைசி டைட்டிலே கிடையாது. கறுப்புத் திரை, ஆர்கன் மியூசிக், அவ்வளவுதான், டிவி நல்லாத்தான் இருக்கு, ரிமோட்டைத் தட்டாதீங்க.

சொல்லப்போனா முதல்ல எழுதுன ஸ்கிரிப்ட்ல பாதிக் கதை நிகழ்காலத்துலயே நடந்துச்சு, கிண்ணம் கடைசில லண்டன் ஹாரட்ஸ் கடையில கிடைக்குற மாதிரி. அதைத் தூக்கிட்டு முழுசா பழங்காலத்துக்கே போயிட்டாங்க, போலீஸ் மட்டும் அந்தப் பழைய வாடையோட மிச்சம் நிக்குதுன்னு வச்சுக்கலாம்.

டிவிடில படம் போட்டா வேற ஏதோ படம் ஓடுது, டிஸ்க் மாறிடுச்சா?

மாறல. ஸ்பெஷல் எடிஷன்ல ஆரம்பத்துல "டென்டிஸ்ட் ஆன் த ஜாப்"னு 1961ல வந்த ஒரு பழைய படத்தோட டைட்டில் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் ஆபரேட்டர் தப்பைக் கவனிச்ச மாதிரி நிறுத்திட்டு நம்ம படத்தைப் போடுவாங்க. ஆந்த்ராக்ஸ் கோட்டையில ஒரு பொண்ணு நம்மளப் பாத்து "இந்த சீனை வெட்டியிருக்கணுமோ"ன்னு கேக்குற துண்டும் இதுல திரும்பச் சேந்திருக்கு. நிஜமாவே முதல்ல வெட்டுனதுதான் அது. அதே டிவிடில, படம் புடிக்காதவங்களுக்குன்னு தனியா ஒரு சப்டைட்டில் இருக்கு, ஆன் பண்ணுனா ஷேக்ஸ்பியரோட நாலாம் ஹென்றி ரெண்டாம் பாகத்துலேருந்து வரிகளை எடுத்து ஒவ்வொரு டயலாக்குக்கும் பொருத்தி விட்டிருப்பாங்க. ரெண்டாவது தடவை பாக்கும்போது ஒரு பத்து நிமிஷமாவது அதைப் போட்டுப் பாருங்க, சில இடத்துல அநியாயத்துக்கு பொருந்தும்.